பவர் டில்லர் சொந்தமாக வாங்குதல் தகுமா?

குறுவைக்குத் தண்ணீர் வரும் காலம் நெருங்கியவுடன், பவர் டில்லர் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடலாமா என்று குடியானவர்கள் பலர் வினவுவதுண்டு. அவர்களில் அநேகர் விலையையும் மானியத்தையும் மாத்திரமே எண்ணுகின்றனர். வீட்டு நகையை அடகு வைத்துச் செய்யப்படும் காரியத்திற்கு இவ்வளவு யோசனை போதாது.

யந்திரத்தின் விலை ரூ. 2,00,000 என்றும், 10 வருஷம் உழைத்தபின் ரூ. 20,000-க்கு விலைபோகும் என்றும் வைத்துக்கொள்வோம். வருஷத் தேய்மானம் ரூ. 18,000. முதலின் சராசரி ரூ. 1,10,000, நூற்றுக்கு 10 வீதம் வட்டி ரூ. 11,000. கைப்பணம் கொடுத்து வாங்கினாலும் இவ்வட்டியை எழுதியே தீரவேண்டும். அப்பணம் வேறிடத்தில் சும்மா இருந்திராதன்றோ? கொட்டகை முதலியவற்றுக்கு ரூ. 3,000. ஆக, யந்திரம் ஒரு நாளும் வயலில் இறங்காவிடினும் வருஷத்திற்கு ரூ. 32,000 செலவு நிற்கும்.

டீசல், ஓட்டுபவர் கூலி, பழுது யாவும் மணிக்கு ரூ. 300 என்றும், வெளி வாடகை ரூ. 500 என்றும் கொண்டால், சொந்த யந்திரத்தால் மிச்சமாவது மணிக்கு ரூ. 200. எனவே 160 மணி வேலை இருந்தால்தான் முதலுக்கு மோசமில்லை. சேற்றுழவு இருசால் ஓட்ட ஏக்கருக்கு 8 மணி பிடிக்குமாயின், 3 ஏக்கர் உடையவருக்கு இருபோகத்திற்கும் சேர்த்து 48 மணி வேலையே உண்டு. மானியம் ரூ. 80,000 கிடைத்தாலோ, மேற்படி முறையில் நிலைச்செலவு ரூ. 20,000 ஆகக் குறையும். அப்பொழுதும் 100 மணி வேண்டும்.

"வாடகை யந்திரம் வேண்டிய நாளில் கிடைப்பதில்லையே" என்பர். இது நியாயமான ஆட்சேபம். மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி வழக்கப்படி திறக்கப்பட்டால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உழவு வேண்டியிருக்கிறது. குறுகிய வயது ரகத்தின் நாற்று முற்றிவிட்டால் தூர் கட்டுதல் குறையும். ஆனால் அந்த நஷ்டத்தையும் ரூபாயில் எழுதிப் பார்க்கவேண்டும். மானியத்துடன் வாங்கும் 3 ஏக்கர்க்காரருக்கு 48 மணியில் ரூ. 9,600 மிச்சம், குறைவு ரூ. 10,400. தாமதத்தால் வருஷந்தோறும் இதற்குமேல் நஷ்டப்படுபவர் தாராளமாக வாங்கலாம். என்றோ ஒரு வருஷம் பட்டவர் வாங்குவதற்கில்லை.

அடுத்தடுத்த வயலுடைய மூவர் சேர்ந்து மானியத்துடன் வாங்கினால் 144 மணி வேலை கிடைத்து, ரூ. 8,800 மிஞ்சும். யாருக்கு முதல் உழவு என்பதை நாற்றுவிடும்போதே எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் யந்திரத்தோடு உறவும் கெடும். பிறருக்கு வாடகைக்கு விட்டு ஈடுகட்ட எண்ணுவோர், அறுவடை வரை நிற்கும் பாக்கியை வருமானமாக எழுதாதிருப்பார்களாக.

வேளாண்மைப் பொறியியல் துறையினரும் யந்திரங்களை வாடகைக்கு விடுகின்றனர். உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம். வாங்க நினைப்பவர், சென்ற இரண்டு வருஷங்களில் தாம் கொடுத்த வாடகைச் சீட்டுகளிலிருந்து மணிகளைக் கூட்டிக்கொண்டு டெப்போவுக்கு வந்தால், இக்கணக்கை அவரவர் நிலத்திற்கேற்பப் போட்டுக் கொடுக்கக் காத்திருக்கிறோம்.