கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்றிக் கெடுக்காதீங்க!



போன மாதக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு எழுதி முடித்ததும் ஒரு அக்கா கேட்டார்: "தினமும் மறக்காம தண்ணி ஊத்துறேன் மேடம், ஆனாலும் கத்தாழை அழுகிப் போச்சே, என்ன வியாதி?" வியாதி ஒன்றும் இல்லை. தினமும் ஊற்றிய அந்தத் தண்ணீர்தான் காரணம்.

யோசித்துப் பாருங்கள். திருஷ்டிக்கென்று கற்றாழையை வேரோடு பிடுங்கி வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறோம். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கிறது. அதன் மடல்தான் அதற்குத் தண்ணீர்த் தொட்டி. மற்ற செடிகள் பகல் வெயிலில் இலையின் நுண்துளைகளைத் திறந்து வைத்து ஈரத்தை இழக்கும். கற்றாழை பகலில் மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ந்த பிறகுதான் திறக்கும். இவ்வளவு சிக்கனமான செடிக்கு, நாம் பாசத்தில் தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகிவிடும். மடல் அடியில் கொழகொழவென்று ஆகி, பழுப்பாகிச் சாயும். அதைப் பார்த்து "வாடுதே" என்று இன்னும் ஊற்றுவோம்!

புதிதாக வைக்கிறவர்கள் விலை கொடுத்து வாங்க வேண்டாம். தாய்ச்செடி பக்கத்தில் வருகிற கன்று ஒரு சாண் உயரம் வந்ததும் வேரோடு பிரித்தெடுங்கள். உடனே நடக் கூடாது. இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டால் வெட்டுக்காயம் காய்ந்துவிடும். உடைந்த பிளாஸ்டிக் குடம், எண்ணெய் டின் எதுவானாலும் சரி, அடியில் நாலு ஓட்டை கட்டாயம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. மணல் விற்கிற விலைக்கு எங்கே போவது என்பவர்கள் உடைந்த செங்கலைப் பொடித்துச் சேர்க்கலாம். நட்டு நாலைந்து நாள் கழித்து முதல் தண்ணீர். அதன் பிறகு விரலை மண்ணுக்குள் இரண்டு கணு வரை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடுங்கள். வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டினால் சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து துணியால் துடைத்தால் போதும்.

மடலை எடுக்கும்போது வெளிப்பக்கம் முற்றியதை மட்டும் அறுங்கள். அறுத்த பக்கம் கீழே இருக்கும்படி கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் மஞ்சள் பால் வடியும். அது கடுமையான பேதி மருந்து. அதனால்தான் நம் பாட்டிமார் சோற்றை ஏழு தண்ணியில் கழுவச் சொன்னார்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரண்டையும் இதே குணம்தான். இரண்டு கணு உள்ள துண்டை வேலியோரம் ஊன்றினால் தானே ஏறிக்கொள்ளும். துவையலுக்கு நறுக்கும் முன் கையில் நல்லெண்ணெய் தடவ மறக்காதீர்கள், அரிக்கும்.

இனி முக்கியமான விஷயம். வீட்டில் நாலு செடி வைப்பது வேறு, கடன் வாங்கி வயலில் வைப்பது வேறு. முன்பு நான் வேலை பார்த்த பகுதியில் ஒரு சகோதரி, "விளைஞ்சதை நாங்களே வாங்கிக்குவோம்" என்று ஒருவர் சொன்னதை நம்பி, அரை ஏக்கருக்கு 5,000 கன்று, கன்று 4 ரூபாய் என்று வாங்கினார். கன்றுக்கு மட்டும் 20,000 ரூபாய், அத்தனையும் குழுக் கடன். செடி அருமையாக வந்தது. மடல் முற்றிய நேரத்தில் அவர் போன் எடுக்கவில்லை. வேறு யாருக்காவது விற்கலாம் என்றால், மடலில் பெரும்பகுதி தண்ணீர். கனம் அதிகம், அறுத்தால் சீக்கிரம் கெடும், தூரத்துக்கு ஏற்றினால் வண்டி வாடகைக்கே சரியாகிவிடும். செடி சாகவும் இல்லை, காசு தரவும் இல்லை. 100 நாள் வேலைச் சம்பளத்தில்தான் அந்தக் கடனை அடைத்தார். குழுவில் நாங்கள் யாரும் அன்றைக்கு ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லையே என்பது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

ஆகவே இப்படி ஒரு கடன் விண்ணப்பம் உங்கள் குழுவுக்கு வந்தால் தீர்மானம் எழுதும் முன் கேளுங்கள்: வாங்குகிறவரின் ஆலை எங்கே, எத்தனை கிலோமீட்டர்? கிலோ என்ன விலை என்று எழுத்தில் தருவாரா? போன வருடம் அவருக்கு விற்றுக் காசு வாங்கியவர் யார், அவரை நேரில் பார்க்கலாமா? கன்று விற்பதில் மட்டும் அவசரம் காட்டுகிறாரா?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் பக்கக் கன்று அதிகமாக இருக்கிறவர்கள் எடுத்து வாருங்கள், இல்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுப்போம். முந்தின நாளே பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். பஸ்ஸில் வருவதற்குள் வாடிவிடுமோ என்று ஈரத்துணி சுற்றிக்கொண்டு வந்துவிடாதீங்க!