தினைப்புனப் பரண்

பரண் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பித்தளை அண்டாவும் பழைய டிரங்குப் பெட்டியும் அடைந்து கிடக்கும் மேல்தட்டுதான். ஆனால் விளைந்த தினையைக் காக்கக் கால் நட்டு உயரே அமைக்கும் காவல் மேடைக்கும் பரண் என்றே பெயர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் அத்தகைய மேடைமேல் இருந்துதான் கிளி ஓட்டுகின்றனர். இப்பாட்டின் பொருளை நாங்கள் வீட்டில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்ட எங்கள் தங்கை, “எனக்கும் ஒரு பரண் வேண்டும்” என்று பிடிவாதம் பிடித்தாள். அவளுக்கு வயது ஐந்து. எங்கள் அறையோ பத்தடிக்குப் பத்தடி. அதற்குள் மூவர் படுத்து, படித்து, விளையாடியாக வேண்டும். கட்டில் மேலே ஏறினால் கீழே இடம் கிடைக்குமே என்று அப்பாவும் இசைந்தார்.

மரம் வாங்குமுன் அண்ணாந்து பார்ப்பது நல்லது. தரையிலிருந்து நான்கடி உயரத்தில் படுக்கைப் பலகை, அதன்மேல் மெத்தை, அதன்மேல் மூன்றரை அடி உயரமுள்ள ஒரு குழந்தை எழுந்து நின்றால் கிட்டத்தட்ட எட்டடி ஆகிவிடுகிறது. கையையும் தூக்கினால் பத்தடி உயர அறையின் மின்விசிறி எட்டிவிடும்! அறையின் நடுவே தொங்கும் 48 அங்குல விசிறியின் இறக்கை எல்லாப் பக்கமும் இரண்டடி நீள்கிறது. இரண்டரை அடி அகலக் கட்டிலை மூலையில் போட்டாலும் இடைவெளி அரையடிதான். எனவே விசிறியைக் கழற்றிவிட்டு எதிர்ச்சுவரில் சுவர் விசிறி மாட்டினோம். எங்கள் பரணுக்கு முதற்செலவு மரமன்று, விசிறியே.

அடுத்து வந்தது பெரிய ஏமாற்றம். அமெரிக்காவில் அடுக்குக் கட்டில்களுக்கென 2000-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதிகளை அப்பா தேடிப் படித்தார். ஆறு வயது நிரம்பாத குழந்தையை மேல் கட்டிலில் விடக் கூடாது என்ற எச்சரிக்கை, கட்டிலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டுமாம். தங்கையிடம் இதை யார் சொல்வது? கடைசியில் அம்மாதான் சொன்னார்: “பகலில் அக்காமார் கூட இருந்தால் மேலே கிளி ஓட்டலாம், இரவில் கீழே தூங்க வேண்டும். ஆறு வயது ஆகட்டும்.” அழுகை ஒரு மாலை முழுதும் நீடித்தது.

கால்களுக்குச் சவுக்குக் கம்பம் போட்டால் உண்மைப் பரண் போலிருக்கும் என்றோம். தச்சர் சிரித்தார். உருண்டைக் கம்பத்தில் சட்டம் ஒட்டிப் பொருந்தாது. நாளடைவில் ஆட்டம் கொடுக்கும் என்றார். மூன்றங்குலச் சதுரக் கால்களை வேப்ப மரத்தில் அறுத்து, சட்டங்களைத் துளையிட்டுச் செருகி, போல்ட்டு போட்டு முடுக்கினார். அப்படியும் கையால் தள்ளியபோது கட்டில் அசைந்தது. நாற்கரச் சட்டம் எவ்வளவு உறுதியானாலும் பக்கவாட்டில் சாயும்; மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் கட்டை அடித்தால் அது முக்கோணங்களாகப் பிரிந்து நின்றுவிடும். வடிவியல் வகுப்பில் நாம் கொட்டாவி விட்டபடி கேட்பது இதைத்தான். குறுக்குக் கட்டைகள் ஏறியபின் அப்பா, தச்சர், நாங்கள் இருவர் என நால்வரும் ஏறி உட்கார்ந்தோம். ஒரு முனகல்கூட இல்லை.

கைப்பிடித் தடுப்பில்தான் நாங்கள் தவறினோம். தடுப்பின் உயரத்தை மெத்தையின் மேற்பரப்பிலிருந்து அளக்க வேண்டும்; குறைந்தது ஐந்தங்குலம் இருக்க வேண்டும். நாங்களோ பலகையிலிருந்து ஒன்பது அங்குலம் வைத்து மகிழ்ந்திருந்தோம். புதிதாக அடைத்த இலவம்பஞ்சு மெத்தை வந்தது, ஆறங்குலம் உப்பியிருந்தது. மிஞ்சியது மூன்றே அங்குலம்! தடுப்பின் மேல் இன்னொரு சட்டம் ஏற்றிப் பதினான்கு அங்குலமாக்கினோம்.

சட்டங்களுக்கு இடையே மூன்றரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. குழந்தையின் உடல் ஒடுக்கம், தலை பெரிது. கால் வழியே உடல் நழுவிவிட்டால் தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். இதே காரணத்தால் சுவர்ப்பக்கமும் தடுப்பு வேண்டும். “சுவரே தடுப்புத்தானே, அங்கு எதற்குக் கட்டை?” என்று தச்சர் கேட்டார். கட்டில் சற்று நகர்ந்தாலே சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே சந்து உண்டாகும் என்று விளக்கி, அப்பா அதையும் அடிக்கச் செய்தார்.

மற்றவை எளிதாக முடிந்தன. அடிப்பலகைகளுக்கு நடுவே இரண்டிரண்டு அங்குலம் விட்டதால் மெத்தைக்குக் காற்றோட்டம் உண்டு. ஏணிப்படிகள் தட்டையானவை, கொக்கியில் மாட்டிக் கழற்றலாம். கூரை வேயவில்லை, தூசியும் தேளும் யாருக்கு வேண்டும்? கொடி போல் கயிறு தொங்கவிடும் ஆசையையும் விட்டோம். தொங்கும் கயிறு சிறு பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளக்கூடும். பதிலாகச் சுவரில் தினைக்கதிர்களும் பதினேழு பச்சைக்கிளிகளும் வரைந்தோம். ஒரு கிளி கோழி போல் அமைந்துவிட்டது. தங்கைக்கு அதுதான் பிடித்தம்.

இரவு தோறும் ஏணியைக் கழற்றி வைப்பது எங்கள் பொறுப்பு. தேர்வுக்கு முந்திய ஓர் இரவு மறந்துவிட்டோம். விடியற்காலையில் கீழ்ப்படுக்கை வெறுமையாக இருந்தது. அலறியடித்து ஏணியில் ஏறிப் பார்த்தால், அவள் சுவர்ப்பக்கத் தடுப்பில் முதுகைச் சாய்த்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை சட்டங்களின் ஊடே சென்று சுவரைத் தொட்டபடி இருந்தது. அம்மா எங்களைத் திட்டவில்லை. கீழேயே நின்று அந்தக் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று முதல் ஏணி இரவில் அப்பாவின் கட்டிலுக்கடியில் இருக்கிறது. தங்கைக்கு ஆறு வயது நிறைய இன்னும் நான்கு மாதங்கள். கோழிக்கிளியின் கீழே நாட்களைக் கரிக்கோடு போட்டு எண்ணி வருகிறாள்.