வேட்டைக் கல்வியும் வெளியும்: கலகாரிச் சமூகமொன்றின் அனுபவம்

கல்வி என்றதும் ஆசிரியர், வகுப்பறை, பாடநூல் ஆகிய மூன்றுமே நம் மனத்தில் தோன்றுகின்றன. இம்மூன்றும் இன்றியே நுட்பமான அறிவுத் தொகுதியொன்றைத் தலைமுறை தலைமுறையாகக் கையளித்து வந்த சமூகங்களும் உள. ஆபிரிக்காவின் தென்பகுதியிலுள்ள கலகாரி வறள்நிலத்தில், பொற்சுவானா - நமீபியா எல்லையின் இருமருங்கும் வாழும் சான் மக்களுள் ஒரு பிரிவினரான ஜூ ஹோவான்சிகள் அத்தகையோர். 1963ஆம் ஆண்டு முதல் இவர்களிடையே களஆய்வு நடத்திய மானிடவியலாளர் றிச்சாட் லீ, 1979இல் வெளியிட்ட நூலில் இவர்தம் வேட்டை முறைகளை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். இச்சமூகத்தில் இளைஞர் வேட்டையாளராக உருவாகும் முறையையும், அம்முறை நிலைபெறுவதற்கு இன்றியமையாத நிபந்தனையையும் இக்கட்டுரை நோக்குகின்றது.

முதற்கண் வேட்டையின் இயல்பை விளங்கிக்கொள்ளல் வேண்டும். இவர்களது வில் சிறியது; அம்பு இலேசானது. பெருவிலங்கைக் கொல்வது அம்பின் விசையன்று. அதிற் பூசப்படும் நஞ்சே. டயம்பிடியா என்னும் வண்டினத்தின் குடம்பிகளிலிருந்து பெறப்படும் இந்நஞ்சு மெதுவாகவே வேலைசெய்யும். அம்பு தைத்த பெரிய மான் வீழ்வதற்குப் பல மணிநேரமோ ஒரு நாளோ செல்லலாம். ஆதலின் எய்தல் வேட்டையின் தொடக்கமேயன்றி முடிவன்று. காயமுற்ற விலங்கின் அடிச்சுவட்டை மந்தையின் ஏனைய சுவடுகளினின்றும் பிரித்தறிந்து பின்தொடர்வதே வேட்டையாளனின் மெய்யான திறனாகும். இத்திறனைச் சொல்லிக்கொடுத்தல் அரிது. மணலிற் குனிந்து பார்த்தே பெறவேண்டும்.

இப்பயிற்சி விளையாட்டாகவே தொடங்குகின்றது. சிறுவர்கள் சின்னஞ்சிறு வில்லம்புகளைக் கொண்டு வண்டுகளையும் வெட்டுக்கிளிகளையும் குறிபார்க்கின்றனர். சற்று வளர்ந்ததும் கண்ணிவைத்துக் கினிக்கோழி முதலியவற்றைப் பிடிக்கப் பழகுகின்றனர். கண்ணிவைப்பதற்கு வலிமை வேண்டுவதில்லை. விலங்கு எவ்வழி வரும் என்னும் அறிவே வேண்டும். பதின்பருவத்தில் தந்தை, மாமன் முதலியோருடன் வேட்டைக்குச் செல்கின்றனர். இரவில் முதியோர் தம் வேட்டை அனுபவங்களை ஒவ்வொரு கூறாக விவரித்துரைக்க, இளையோர் செவிமடுக்கின்றனர். முதன்முதலில் ஆண் விலங்கொன்றை வீழ்த்தியபோதும், பின்னர் பெண் விலங்கொன்றை வீழ்த்தியபோதும் இளைஞனின் உடலிற் கீறலிட்டுச் சடங்கு நிகழ்த்துவது மரபு.

நிக்கலஸ் புளேட்டன் ஜோன்ஸ், மெல்வின் கொன்னர் ஆகிய ஆய்வாளர் இருவர் இவ்வேட்டையாளருடன் விலங்குகளின் நடத்தைபற்றி உரையாடி, 1976இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். நேரடியாகக் கற்பித்தல் இங்கு மிகக் குறைவு என அவர்கள் கண்டனர். அதனினும் குறிப்பிடத்தக்கது யாதெனில், தாம் கண்ணாற் கண்டதையும், சுவட்டைக்கொண்டு ஊகித்ததையும், பிறர் சொல்லக் கேட்டதையும் இவர்கள் தெளிவாகப் பிரித்துரைத்தமையாகும். ஊகத்தைப் பின்தொடர்ந்து சென்று அது சரியா பிழையா என்பதைத் தாமே கண்டறிந்து வளர்ந்தவர்களிடம் இப்பண்பு அமைதல் இயல்பே. அங்கு தவற்றைத் திருத்துவது ஆசிரியரின் குறிப்பன்று, மணலே திருத்துகின்றது.

இக்கல்வி திறனை மட்டும் வளர்ப்பதன்று, அடக்கத்தையும் புகட்டுகின்றது. பெருவிலங்கை வீழ்த்தியவன் அதனைப் பெருமையாகப் பேசுதல் ஆகாது. ஏனையோரும் அவ்விறைச்சியை அற்பமானதென இகழ்ந்தே பேசுவர். இளைஞனின் உள்ளத்திற் செருக்கு எழாதிருக்கவே இவ்வாறு செய்வதாக லீக்கு விளக்கமளிக்கப்பட்டது. மேலும், இறைச்சியைப் பங்கிடும் பொறுப்பு எய்தவனுக்கன்றி, அம்பின் உரிமையாளருக்கே உரியது. அம்புகள் கைமாறி வழங்கப்படுவதால், வேட்டைக்குச் செல்லாத முதியவரோ பெண்ணோ கூட அவ்வுரிமையைப் பெறலாம். வேட்டைத் திறன் அதிகாரமாக மாறாதவாறு சமூகம் இங்ஙனம் காத்துக்கொள்கின்றது.

இத்தகைய கல்விக்கு நிலமே பள்ளி. அதனுட் செல்லவும் வேட்டையாடவும் உரிமை அற்றுப்போயின் கல்வியும் அற்றுப்போகும். பொற்சுவானாவில் 1961இல் அமைக்கப்பட்ட மத்திய கலகாரி வனவிலங்கு ஒதுக்கிடத்திலிருந்து வேறு சான் குழுவினர் 1997இலும் 2002இலும் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு வேட்டை அனுமதி மறுக்கப்பட்டமை சட்டவிரோதமென அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. எனினும் 2014இல் விதிக்கப்பட்ட வேட்டைத்தடை 2019 வரை நீடித்தது. இதற்கு மாறாக, நமீபியாவின் நியை நியைப் பகுதியில் 1998இல் நிறுவப்பட்ட சமூகக் காப்பகத்தில் ஜூ ஹோவான்சிகள் மரபுவழி ஆயுதங்களைக்கொண்டு வேட்டையாட உரிமை பெற்றுள்ளனர்.

இவ்வினா நமக்குத் தொலைவானதன்று. 1983இல் மாதுறு ஓயா தேசிய வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டபோது, தம்பானை வேடர் பரம்பரையாக வேட்டையாடிய காடு அவர்களுக்கு மூடப்பட்டது. வனவிலங்கைக் காத்தல் இன்றியமையாததே. ஆயினும் ஒரு சமூகத்தின் சொற்களையும் பாடல்களையும் ஏட்டிற் பதித்துவிட்டு, அவை பிறந்த வெளியை அதன் இளைஞருக்கு மூடிவிடுவோமாயின், எஞ்சுவது அறிவின் பெயர்ப்பட்டியலே, அறிவன்று. காப்புக் கொள்கைகளை வகுப்போர், எவ்விலங்கைக் காப்பது என்பதோடு, அவ்விலங்கை அறிந்தோரின் பிள்ளைகள் இனி எங்கே கற்பர் என்பதையும் வினவுதல் வேண்டும்.