புதினா: முதலும் வட்டியும்!

பி.காம். படித்தவன் கண்ணுக்கு எதைப் பார்த்தாலும் முதல், வட்டி, லாபம்தான். புதினாக் கட்டில் இலை வட்டி. நாம் குப்பையில் எறிகிறோமே தண்டு, அதுதான் முதல்!

சட்னிக்கு இலையைக் கிள்ளியதும், நல்ல தண்டாக நாலைந்து எடுங்கள். நுனியில் இரண்டு இலை இருக்கட்டும். டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றுங்கள். பத்து நாளுக்குள் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். அகலமான தொட்டியில் நட்டு, காலை வெயில் படுகிற இடத்தில் வையுங்கள். மண் ஈரமாக இருக்கணும். தண்ணீர் தேங்கக் கூடாது. தரையில் நட்டால் ஆபத்து. வேர்த்தண்டு அடியிலேயே ஓடி, பக்கத்து ரோஜாவின் இடத்தையும் வளைத்துப் போட்டுவிடும்... பட்டா இல்லாமலே!

பூ விடுமுன் கிள்ளிக்கொண்டே இருங்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

சரி, வைத்தியம்? கல்யாண விருந்துக்குப் பின் வயிறு 'கும்'மென்று இருக்கிறதா? பத்துப் பதினைந்து இலையைக் கசக்கி, கொதித்த நீரில் போட்டு, ஐந்து நிமிஷம் மூடிவைத்துக் குடியுங்கள். மூடாவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும்.

புதினாவின் பங்காளியான பெப்பர்மிண்ட்டின் எண்ணெய், குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும். ஆனால், உணவுக்குழாயின் அடியில் கதவு மாதிரி இருக்கும் தசையையும் அது தளர்த்திவிடும். புளித்த அமிலம் மேலே ஏறும். எனவே நெஞ்செரிச்சல்காரர்கள் இந்த வகையறா கஷாயங்களில் கொஞ்சம் ஜாக்கிரதை. மென்தால் தைலத்தை இரண்டு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தடவவே கூடாது.

இன்னொரு விஷயம். போன வருஷம் ஒரு ராத்திரி என் பெரியப்பாவுக்கு நெஞ்சில் அழுத்தம். சட்டையெல்லாம் வியர்வை.

"வெறும் வாயுடி! புதினா கஷாயம் வச்சுக் கொண்டா."

"கஷாயத்தை வந்து குடிச்சுக்கலாம்" என்ற பெரியம்மா, 108-க்குப் போன் போட்டுவிட்டார்.

மாரடைப்பு! சரியான நேரத்தில் போனதால் பிழைத்தார்.

நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி... இதையெல்லாம் 'வாயு' கணக்கில் எழுதாதீர்கள். தலைப்பு மாறிப்போன கணக்கை ஆடிட்டர் திருத்துவார். இதயம் அந்த அவகாசம் தராது.

பெரியப்பா இப்போது தினமும் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். துவையலுக்கு உப்பு குறைவு என்பதுதான் தற்போதைய ஒரே புகார்!