முறிந்த கை சொன்ன உண்மை

உரோமை நகரிலுள்ள வத்திக்கான் அருங்காட்சியகத்தில் கூடம் கூடமாகச் சலவைக்கற் சிலைகள் நிற்கின்றன. பேரரசர், பேரரசியர், வீரர், புராணக் கடவுளர் எனப் பல வகையினர் அங்கே காட்சி தருகின்றனர். பார்ப்போர் அருகிலுள்ள பெயரைப் படித்துவிட்டு அடுத்த சிலைக்கு நகர்ந்துவிடுவர். ஆனால் பழைய சிலைகள் மண்ணிலிருந்து எடுக்கப்படும்போது பலவற்றுக்கு மூக்கு இருப்பதில்லை, கை இருப்பதில்லை, சிலவற்றுக்குத் தலையே இருப்பதில்லை. பெயர் பொறித்த பீடத்துடன் கிடைப்பவையோ மிகச் சிலவே. அவ்வாறாயின் இவற்றுக்குப் பெயரிட்டவர் யார்? எதைக் கொண்டு பெயரிட்டனர்? இழந்த உறுப்புகளை மீண்டும் அளித்தவர் யார்? தோழியரே, இவ்வினாக்களுக்கு விடை தேடுவோம்.

காளவாய்க்குத் தப்பியவை

கி.பி. 476-இல் மேற்கு உரோமைப் பேரரசு வீழ்ந்தது. மாளிகைகளும் கோயில்களும் பாழடைந்தன. சிலைகள் சாய்ந்தபோது, வெளியே நீண்டிருந்த மூக்கும் விரலும் கையும் முதலில் உடைந்தன. ஆயினும் நிலநடுக்கத்தைவிடவும் படையெடுப்பைவிடவும் கொடிய பகை ஒன்று இருந்தது. அதுதான் சுண்ணாம்புக் காளவாய்! சலவைக்கல்லைச் சுட்டால் நல்ல சுண்ணாம்பு கிடைக்கும். எனவே கட்டட வேலைக்காகப் பல நூற்றாண்டுகள் சிலைகளை உடைத்துக் காளவாயில் இட்டனர். இன்று நாம் காண்பவற்றுள் பல, மண் மூடிக் காத்தவையே.

வெண்கலச் சிலைகளோ உலோகத்திற்காக உருக்கப்பட்டன. குதிரைமீது அமர்ந்த மார்க்குஸ் அவுரேலியுஸ் பேரரசரின் சிலை தப்பியதற்குக் காரணம் விந்தையானது. கிறிஸ்தவர்களுக்கு விடுதலை அளித்த கான்ஸ்டன்டைன் பேரரசரின் சிலை அது என மக்கள் கருதினர். அந்தத் தவறான பெயரே அதற்கு உயிர்ப்பிச்சை அளித்தது.

பெயர் காணும் வழிகள்

சிலையை அடையாளம் காண்பதற்கு முதற்சான்று நாணயம். உரோமை நாணயங்களில் பேரரசரின் முகம் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டு, அதனைச் சுற்றிப் பெயரும் எழுதப்பட்டிருக்கும். அம்முகத்தின் நெற்றி, மூக்கு, மோவாய் ஆகியவற்றைச் சிலையுடன் ஒப்பிட்டுப் பார்ப்பர்.

முகத்தைவிடத் தலைமயிர் மிகுதியாகப் பேசும். அரசு ஒப்புக்கொண்ட ஒரு மாதிரியைப் பார்த்தே சிற்பிகள் மயிர்க்கற்றைகளைச் செதுக்கினர். அகுஸ்துஸ் பேரரசரின் நெற்றியில் மயிர்க்கற்றைகள் கவைபோலப் பிரிந்திருக்கும். 1863-இல் உரோமைக்கு அருகே பிரிமா போர்த்தா என்னுமிடத்தில் கிடைத்த புகழ்பெற்ற சிலையிலும் இவ்வடையாளம் உள்ளது. அச்சிலையின் மார்புக் கவசத்தில், முன்பு கைப்பற்றிய உரோமைப் படைக்கொடியைப் பார்த்தியர் திருப்பித் தரும் காட்சி உள்ளது. அது நிகழ்ந்தது கி.மு. 20-இல். ஆகவே சிலை அதற்குப் பிற்பட்டது என்பது உறுதியாகிறது.

பெண்களின் சிலைகளில் கூந்தலே நாட்காட்டி. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில், நெற்றிக்கு மேல் தேன்கூடுபோல் சுருள்களைக் குவித்து வைப்பது நாகரிகமாக இருந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வாழ்ந்த பேரரசி யூலியா தோம்னாவின் கூந்தலோ தலைக்கவசம்போல் அலையலையாகப் படிந்திருக்கும். பெயர் தெரியாத பெண்ணாயினும், கூந்தலைக் கொண்டு அவள் வாழ்ந்த காலத்தைக் கூறிவிடலாம்.

கண்களும் சான்று பகரும். தொடக்கத்தில் கருவிழியை வண்ணத்தால் தீட்டினர். அத்ரியான் பேரரசர் காலம் முதல் (கி.பி. 117-138) கருவிழியை உளியாலும் துளைக்கருவியாலும் குடைந்து காட்டும் வழக்கம் பரவியது.

இவ்வளவு சான்றுகள் இருந்தும் ஏமாந்துபோவதுண்டு. கி.பி. 96-இல் கொல்லப்பட்ட தொமீசியன் பேரரசரின் நினைவை அழிக்குமாறு ஆட்சி மன்றம் ஆணையிட்டது. அவர் தலைகள் சிலவற்றைச் சிற்பிகள் மீண்டும் செதுக்கி, அடுத்து வந்த நெர்வாவின் முகமாக மாற்றினர். பிடரியில் எஞ்சிய பழைய மயிர்க்கற்றைகள் அந்த இரகசியத்தை வெளியிடுவதுண்டு.

லாவோக்கூனின் கை

சிலையைச் செப்பனிடுவது எவ்வளவு பொறுப்பான செயல் என்பதற்கு லாவோக்கூன் சிலையே சிறந்த எடுத்துக்காட்டு. துரோயா நகரின் குருவாகிய லாவோக்கூன், கிரேக்கரின் மரக்குதிரையை நகருக்குள் விடவேண்டாம் என எச்சரித்தவன். கடலிலிருந்து வந்த இரு பாம்புகள் அவனையும் அவன் மக்கள் இருவரையும் சுற்றி வளைத்தன என்பது பழங்கதை.

1506 ஜனவரியில் உரோமையின் எஸ்குயிலின் குன்றிலுள்ள ஒரு திராட்சைத் தோட்டத்தில் இச்சிலை கண்டெடுக்கப்பட்டது. திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ், கட்டடக் கலைஞர் சங்கல்லோவை அனுப்பினார். மைக்கலாஞ்சலோவும் உடன் சென்றார். பார்த்த மாத்திரத்தில் சங்கல்லோ அதனை அறிந்துகொண்டார். எப்படி? தீத்துஸின் மாளிகையில் இத்தகைய சிலை ஒன்று இருந்ததாகவும், ரோட்ஸ் தீவுச் சிற்பிகள் மூவர் அதனைச் செய்ததாகவும் முதல் நூற்றாண்டு அறிஞர் பிளினி எழுதியிருந்தார். அதனை அவர் கற்றிருந்தார். படித்த படிப்பு, தேவையான நேரத்தில் கைகொடுத்தது!

ஆனால் தந்தையின் வலக்கை காணப்படவில்லை. அது எப்படி இருந்திருக்கும்? மடங்கித் தலைக்குப் பின்னே சென்றிருக்கும் என மைக்கலாஞ்சலோ கருதியதாகக் கூறுவர். எனினும் 1532-இல், துறவியும் சிற்பியுமான மோந்தோர்சோலி, வானை நோக்கி வீரமாக நீண்ட கையொன்றைச் செய்து பொருத்தினார். நீட்டிய கையுடைய லாவோக்கூனையே உலகம் பல தலைமுறைகள் பார்த்தது, ஓவியர்கள் வரைந்தனர், மாணவர்கள் பார்த்துப் பயின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லுட்விக் பொல்லாக் என்ற அறிஞர், உரோமையில் ஒரு கல்தச்சரின் களத்தில் மடங்கிய சலவைக்கற் கை ஒன்றைக் கண்டார். அதில் பாம்பின் உடற்பகுதியும் இருந்தது. அவர் அதனை வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அரை நூற்றாண்டுக் காலம் அது தனியே கிடந்தது. பின்னர் அறிஞர்கள் ஆராய்ந்து, இதுவே உண்மையான கை எனத் தெளிந்தனர். 1957-இல் தொடங்கிய பணியில் பழைய செயற்கைக் கை அகற்றப்பட்டு, மடங்கிய கை பொருத்தப்பட்டது. சிலையின் பொருளே மாறிவிட்டது. போராடி வெல்ல முயலும் வீரனாகத் தோன்றியவன், வேதனையில் துவளும் தந்தையாகத் தோன்றினான்.

அந்நாளைக் காணப் பொல்லாக் உயிரோடு இல்லை. அவர் யூதர். 1943 அக்டோபர் 16 அன்று நாசிப் படையினர் உரோமை யூதர்களை வீடு வீடாகப் பிடித்தபோது, அவரும் மனைவியும் மக்கள் இருவரும் பிடிபட்டு அவுஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவரும் திரும்பவில்லை. தம் பிள்ளைகளோடு துன்புறும் அந்தத் தந்தையின் சிலையைப் பார்க்கும்போது, அவன் கையைத் தேடித் தந்தவரையும் நாம் நினைக்கவேண்டும்.

புனிதரான பெண் சிலை

1551-இல் தலையின்றிக் கிடைத்த ஓர் இருக்கைச் சிலையின் கதையும் சுவையானது. இருக்கையின் பக்கங்களில் உயிர்ப்புப் பெருவிழா நாட்களின் அட்டவணையும் நூல்களின் பட்டியலும் கிரேக்க மொழியில் இருந்தன. எனவே, மூன்றாம் நூற்றாண்டு மறைசாட்சி புனித இப்போலித்துவின் சிலை எனக் கருதி, தாடியுடன் கூடிய தலையைச் சேர்த்தனர். ஆனால் அவ்வுடல் முதலில் ஒரு பெண்ணுக்காகச் செதுக்கப்பட்டது எனப் பிற்காலத்தில் எடுத்துக்காட்டப்பட்டது. அதனை எடுத்துக்காட்டியவரும் ஒரு பெண்மணியே! புனித பேதுரு பேராலயத்தின் அடியிலுள்ள எழுத்துக்களை ஆராய்ந்து புகழ்பெற்ற மார்கரித்தா குவார்துச்சி என்ற அறிஞர்தாம் அவர்.

இன்றைய முறை

இன்று சிலையைச் செப்பனிடுவோர் உளியை எடுக்குமுன் விளக்கை எடுக்கின்றனர். புற ஊதா ஒளியில் பழைய கல்லும் புதிதாக வெட்டிய கல்லும் வெவ்வேறு நிறங்களில் ஒளிரும். எந்த உறுப்பு பிற்சேர்க்கை என்பது புலனாகும். அழிந்துபோன வண்ணத்தின் சுவடும் சில வேளைகளில் தென்படும். ஆம், உரோமையரின் வெண்சிலைகள் பல ஒருகாலத்தில் வண்ணம் தீட்டப்பட்டவையே!

அமிலம் சலவைக்கல்லை அரித்துவிடும். ஆதலால் அழுக்கை மெல்ல மெல்லவே நீக்குகின்றனர். முன்னாளில் உறுப்புகளை இணைக்க வைத்த இரும்பு ஆணிகள் துருப்பிடித்துப் பருத்துக் கல்லைப் பிளக்கும்; அவற்றை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளை வைக்கின்றனர். ஒட்டும் பசையும் பின்னர் நீக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பது விதி. புதிதாகச் சேர்க்கும் பகுதி, உற்று நோக்குவோர்க்குப் புதியது எனத் தெரியவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இழந்த கை எப்படி இருந்தது எனத் தெரியாவிட்டால், கையில்லாமலே விட்டுவிடுகின்றனர்.

மோந்தோர்சோலி திறமையற்றவர் அல்லர். அவர் செய்த கை அழகாகவே இருந்தது. ஆனால் அது உண்மையான கை அன்று. அழகிய ஊகம் உண்மையின் இடத்தில் நானூறு ஆண்டுகளுக்கு மேல் வீற்றிருந்தது. அன்புத் தோழியரே, நாமும் பாடத்திலாயினும் பிறரைப்பற்றிய பேச்சிலாயினும், தெரியாத இடத்தை ஊகத்தால் நிரப்பிவிடாமல், உண்மை கிடைக்கும்வரை பொறுமையுடன் தேடுவோமாக!