ஒரு பொத்தானுக்குப் பின்னால்

பள்ளிச் சீருடையில் ஒரு பொத்தானைப் போட ஒரு குழந்தைக்கு என்னென்ன தேவை? இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை பார்க்க வேண்டும். ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்கும். மறு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பொத்தானின் விளிம்பைப் பிடித்து ஓட்டைக்குள் தள்ளும். கழுத்தடிப் பொத்தான் கண்ணுக்குத் தெரியாது. தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை உடம்பு சாயாமல் நிற்க வேண்டும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் மறந்துவிடக் கூடாது.

பெரும்பாலான குழந்தைகள் ஐந்து வயதுவாக்கில் இதை யாரும் பாடம் நடத்தாமலே பழகிவிடுகிறார்கள். பெருமூளை வாதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் உள்ள பல குழந்தைகளுக்கு இதில் ஏதோ ஓரிடத்தில் தடை விழுகிறது. இப்படிப்பட்ட எந்தக் குறைபாடும் இல்லாமலேயே உடல் அசைவுகள் மட்டும் ஒருங்கிணையாத குழந்தைகளும் உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேர் அப்படிப்பட்டவர்கள். வகுப்பில் அவர்களுக்குக் கிடைக்கும் பெயர் 'சோம்பேறி', 'கவனமில்லாதவன்'.

தடை எங்கே என்று பிரித்துப் பார்த்து, அந்த வேலையைக் குழந்தை செய்யும்படி ஆக்குவதுதான் ஆக்குபேஷனல் தெரபி. பெற்றோர் வழக்கில் சுருக்கமாக ஓ.டி. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறை போவது, எழுதுவது, விளையாடுவது என்று ஒரு நாளில் குழந்தை செய்ய வேண்டிய எல்லாமே இதற்குள் வரும். அமெரிக்காவில் 1917இல் இத்துறைக்கென ஒரு சங்கம் உருவானது. இந்தியாவில் இதற்கான முதல் பள்ளியை 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர், அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்த கமலா நிம்ப்கர்.

பொத்தானையே எடுத்துக்கொள்வோம். நல்ல தெரபிஸ்ட் முதல் நாளே முழுச் சட்டையையும் குழந்தையிடம் கொடுக்க மாட்டார். பொத்தானை முக்கால்வாசி தானே நுழைத்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் குழந்தைக்கு விடுவார். வேலையை முடித்தது குழந்தை. அந்த மகிழ்ச்சியும் அதற்கே. அது கைவந்த பிறகு ஒரு படி பின்னால் போவார்கள். விரலுக்கு அந்த வலு வரவே வராது என்றால் வேறு வழி இருக்கிறது: சட்டையின் வெளிப்பக்கம் பொத்தானைத் தைத்துவிட்டு உள்ளே வெல்க்ரோ ஒட்டிவிடலாம். பிள்ளையை மாற்ற முடியாத இடத்தில் பொருளை மாற்றுவதும் இந்தச் சிகிச்சையின் பகுதிதான். எழுதும்போது கால் தரையில் படாத பிள்ளைக்குக் காலடியில் ஒரு பலகை வைப்பதும், இந்தியன் கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாத பிள்ளைக்குச் சுவரில் ஒரு கைப்பிடி அடிப்பதும் இதில்தான் சேரும்.

சில பிள்ளைகளுக்குச் சிக்கல் விரலின் வலுவில் இல்லை. பிசைந்த சோறு கையில் ஒட்டினாலே அலறும் குழந்தையை 'அடம்' என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஈரமும் பிசுபிசுப்பும் அதற்கு உண்மையிலேயே தாங்க முடியாததாக இருக்கலாம். கையில் ஒட்டாத பொரியில் தொடங்கி, இட்லித் துண்டுக்கு வந்து, கெட்டித் தயிர்சாதம்வரை மெல்ல மெல்லப் போவதுதான் அங்கே செய்யும் வேலை.

ஐம்புலன்களோடு, சமநிலை உணர்வும் மூட்டு, தசைகளிலிருந்து வரும் உணர்வும் மூளையில் சரியாக ஒன்றுசேராவிட்டால் கற்றலும் நடத்தையும் பாதிக்கப்படும் என்று சொன்னவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜீன் ஏயர்ஸ் (1920–1988). அவரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான். 1972இல் வந்த அவருடைய நூல் இந்தத் துறையையே திருப்பிவிட்டது. இன்று சென்னையிலும் கோவையிலும் தெரபி மையங்களில் தொங்கும் ஊஞ்சல்கள், பெரிய பந்துகள், உடம்பை அழுத்தும் மெத்தைகளெல்லாம் அவர் வழியில் வந்தவை. அவர் கவனித்தது பொய்யில்லை. ஒலி, தொடுகை, ஒளி ஆகியவற்றுக்கு அளவுக்கு மீறியோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது.

ஆனால் பிரச்சினை உண்மை என்பதால் அதற்குச் சொல்லப்படும் மருந்தெல்லாம் பலிக்கும் என்றாகிவிடாது. பெற்றோரிடம் இதைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆட்டிசம் உள்ள 138 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. ஏயர்ஸ் முறைச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கும் இடையே, ஆறு மாதம் கழித்து, எரிச்சலிலும் ஆத்திரத்திலும் வேறுபாடு தெரியவில்லை. கனமான போர்வை போர்த்தினால் ஆட்டிசம் உள்ள குழந்தை நன்றாகத் தூங்கும் என்பார்கள். பிரிட்டனில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் தூங்கும் நேரம் கூடவில்லை. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அந்தப் போர்வை பிடித்திருந்தது, அவ்வளவுதான். குழந்தைக்கு ஊஞ்சல் பிடித்தால் தாராளமாக ஆடட்டும். ஊஞ்சலுக்காக மட்டும் மாதாமாதம் கடன் வாங்க வேண்டியதில்லை.

அப்படியானால் எது பலிக்கிறது? பெருமூளை வாதத்துக்கான சிகிச்சைகளையெல்லாம் ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக்கின் குழு 2013இலும் பிறகு 2020இலும் சல்லடை போட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்தது. பச்சையில் நின்ற பயிற்சிகள் பலவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு: குழந்தைக்குத் தேவையான வேலையை, அந்த வேலையைச் செய்தே பழகுவது. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு, நன்றாக இயங்கும் கையைச் சில மணி நேரம் உறை போட்டுக் கட்டிவைத்து, பலவீனமான கையாலேயே விளையாடவும் சாப்பிடவும் விடும் பயிற்சி அதில் ஒன்று. கேட்கக் கொடுமையாக இருக்கும். பக்கவாத நோயாளிகளிடம் எட்வர்ட் டாப் வளர்த்தெடுத்த இந்த முறை, கையை மூளை மறந்துவிடாமல் காக்கிறது.

உடல் அசைவுகள் ஒருங்கிணையாத பிள்ளைகளுக்குக் கனடாவில் உருவான முறை இன்னும் எளிது. எதைக் கற்க வேண்டும் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யும்: சைக்கிள் ஓட்டவா, ஷூ லேஸ் கட்டவா? பிறகு ஒரு திட்டம் போட்டு, செய்து பார்த்து, எங்கே தவறியது என்று தானே சரிபார்க்கும். தெரபிஸ்ட் விடையைச் சொல்வதில்லை. கேள்வி கேட்டு அதை நோக்கி அழைத்துப் போகிறார்.

இவை எல்லாவற்றையும்விடப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு 2009இல் நோவாக் வெளியிட்டது. பெருமூளை வாதம் உள்ள 36 குழந்தைகள் பங்கேற்ற அதில், ஒரு பகுதியினரின் பெற்றோர் தெரபிஸ்ட்டோடு சேர்ந்து வகுத்த பயிற்சியை வீட்டிலேயே செய்தார்கள். மாதத்தில் ஏறத்தாழ 17 முறை. ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். எட்டு வாரம் அப்படிச் செய்த பிள்ளைகளின் செயல்திறன், வீட்டுப் பயிற்சி இல்லாதவர்களைவிட முன்னேறியிருந்தது. தாயை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் மையங்கள் இந்த வாய்ப்பைத்தான் வீணாக்குகின்றன. அன்றைய கூலியையும் இழந்து, பேருந்தில் இரண்டு மணி நேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாவைக் கையில் எதுவும் கொடுக்காமல் திருப்பி அனுப்புவது அநியாயம்.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. கடற்படை அதிகாரித் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கைகால் செயலிழந்தவர் அவர். அந்த அமைப்பில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே போகிறார்கள். அவர்கள் செல்பேசிச் செயலியில் பதிவதைப் பார்த்துத் தெரபிஸ்ட்டுகள் வழிநடத்துகிறார்கள். பயிற்சி நடப்பது பிள்ளை சாப்பிடும் அதே திண்ணையில்.

'ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், நடக்கும்' என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டுக் காத்திருப்பதில்தான் பொன்னான மாதங்கள் போகின்றன. ஒன்பது மாதத்தில் பிடிக்காமல் உட்காரவில்லை, ஒன்றரை வயதில் தனியாக நடக்கவில்லை என்றால் காட்டிவிட வேண்டும். ஒரு வயதுக்குள் எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டினால் 'இடதுகைக்காரன்' என்று மகிழ வேண்டாம். மறு கை பலவீனமாக இருக்கலாம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வருகின்றன. அவர்கள் அனுப்பும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் கட்டணம் கிடையாது.

போகும்போது பிள்ளை வீட்டில் சாப்பிடுவதையும் சட்டை போடுவதையும் செல்பேசியில் படம்பிடித்து எடுத்துச் செல்வது நல்லது. புது இடத்தில் பல பிள்ளைகள் எதையும் செய்துகாட்ட மாட்டார்கள். திரும்பும்போது கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான். இன்னும் மூன்று மாதத்தில் இவன் எந்த வேலையைத் தானே செய்வான்? அதற்கு இன்றைக்கு ராத்திரி வீட்டில் நாங்கள் என்ன செய்யணும்?