முன்னூறு ரூபாய் ஹெட்போனில் முழு இசை கேட்க முடியுமா?

எஸ்.பி. ரோட்டில் பார்த்து வாங்கும் முறையும், வீட்டிலேயே செய்து கொள்ளக் கூடிய சில்லறை வேலைகளும்

மாரிக்குப்பத்திலிருந்து காலையில் பெங்களூர் கிளம்பும் ரயிலில் ஏறினால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். உட்கார இடம் கிடைத்தவர், கம்பியைப் பிடித்து நிற்பவர், வாசற்படி ஓரம் சாய்ந்தவர் என்று பலர் காதிலும் ஒயர் தொங்கும். இல்லாவிட்டால் ஒயரில்லாத குமிழ் செருகியிருக்கும். கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்ட பிறகு, தங்கவயல் தமிழர் ஆயிரக்கணக்கானோருக்கு பெங்களூர் வேலைதான் சோறு போடுகிறது. போக இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம். ஓசூர், அத்திப்பள்ளி பக்கமிருந்து பொம்மசந்திரா ஆலைகளுக்குப் பஸ்ஸில் வருகிறவர்கள் கதையும் ஏறத்தாழ இதுவே. இத்தனை நேரத்துக்கும் துணை பாட்டுத்தான்.

பஸ்ஸில் கைபேசியை அலற விட்டுப் பாட்டுக் கேட்க வழியில்லை. அரசுப் பேருந்துகளில் அப்படிச் செய்யக் கூடாதென்று 2021 நவம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் காதுக்கு நல்ல காலம். ஆக, ஹெட்போன் ஆடம்பரச் சாமான் என்ற பேச்சு போய், டிபன் பாக்ஸ் மாதிரி பைக்குள் இருந்தாக வேண்டிய பொருளாகி விட்டது.

ஆனால் நூறு, இருநூறு கொடுத்து வாங்கியது மூன்றே மாதத்தில் ஒரு பக்கம் ஊமையாகி விடுகிறது. ஊமையாகாதது தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டியது போல் ஒலிக்கிறது. "இந்த விலைக்கு இவ்வளவுதான்" என்று தேற்றிக் கொண்டு அடுத்ததை வாங்குகிறோம். வருஷத்துக்கு நாலு வாங்கினால், ஒரு நல்ல ஹெட்போனின் விலையே அதில் போய் விடும். சொல்லப் போனால் பாதிக் குறை விலையில் இல்லை. காதில் சரியாகப் பொருந்தாததிலும், காசு பெறாத சில பாகங்களிலும்தான் இருக்கிறது.

சமையலறையில் பிறந்த சாமான்

இந்தக் கருவியின் பூர்வீகமே எளியது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தேனியல் பால்ட்வின் என்பவர் 1910 வாக்கில் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஹெட்போன் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு விற்றார். கம்பியில்லாத் தந்திச் செய்தி கேட்கத்தான் அது பயன்பட்டது. பாட்டுக் கேட்க அல்ல. பாட்டுக்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனை 1958-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தவர் ஜான் காஸ். ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968-ல் வெளியிட்ட எச்.டி. 414, முதுகுப் பக்கம் மூடாமல், மஞ்சள் ஸ்பாஞ்சு வைத்து வந்தது. காற்றோட்டமாகக் கேட்கும் 'திறந்த' ஹெட்போன்களுக்கு அதுவே வழிகாட்டி. 1979-ல் சோனி வாக்மேன் வந்து, நடந்து கொண்டே பாட்டுக் கேட்கும் பழக்கத்தை உலகுக்குக் கற்றுக் கொடுத்தது. காஸ் நிறுவனம் 1984-ல் விட்ட போர்ட்டா புரோ இன்றைக்கும் அதே உருவில் விற்பனையாகிறது. நல்ல அமைப்புக்கு வயதில்லை, புதுசெல்லாம் உசத்தியும் இல்லை.

உள்ளே இருப்பது என்ன? ஒரு காந்தம், தலைமுடி போன்ற கம்பியில் சுற்றிய ஒரு சுருள், அதில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள். அவ்வளவே. கைபேசியிலிருந்து வரும் மின்சாரத்துக்கு ஏற்றபடி சுருள் முன்னும் பின்னும் ஆட, தாள் காற்றைத் தள்ளுகிறது. இந்தத் தாளுக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள காற்றை எப்படி அடைக்கிறோம், எங்கே விடுகிறோம் என்பதில்தான் இசையின் குணம் இருக்கிறது. நாம் கை வைக்கக் கூடிய இடமும் அதுவே.

டப்பாவைப் படிக்காதீர்கள்

டவுன் ஹாலுக்குப் பக்கத்தில், எஸ்.ஜே.பி. ரோட்டை ஒட்டியுள்ள எஸ்.பி. ரோடு என்ற சதர் பத்ரப்பா ரோடு, சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ பெங்களூருக்கு அப்படி. சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்தே போகலாம். கன்னடம், இந்தி, தமிழ் எதிலும் பேரம் நடக்கும். ஹெட்போன், ஜாக், ஒயர், ஈயக் கம்பி, காதுக்கு வைக்கும் ரப்பர் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும்.

டப்பாவின் மேல் "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்று அச்சிட்டிருப்பார்கள். ஐம்பது ரூபாய்ச் சரக்கிலும் அதுதான், ஐயாயிரம் ரூபாய்ச் சரக்கிலும் அதுதான். அதை நம்பி ஒன்றும் தீர்மானிக்க முடியாது. "எக்ஸ்ட்ரா பாஸ்" என்ற எழுத்துக்கும் அதே மதிப்புதான். பார்க்க வேண்டியது ஓம் கணக்கு ஒன்று. 16 முதல் 32 ஓம் வரை உள்ளதைச் சாதாரணக் கைபேசி தாராளமாக ஓட்டும். ஸ்டூடியோக்களுக்கென்று செய்த 250, 300 ஓம் ஹெட்போன் மலிவாகக் கிடைத்தாலும், தனி ஆம்பிளிபயர் இல்லாமல் அது முனகத்தான் செய்யும்.

கேட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். நாலு முறை கேட்டு மனப்பாடமான பாட்டாகவே போடுங்கள். மிருதங்கம் வரும் இடத்தில் தொப்பியின் கும்கியும் வலந்தலையின் நாதமும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். தொப்பி மட்டும் ஊரைக் கூட்டினால் அது பாஸ் அல்ல, இரைச்சல். பெண் குரல் பாட்டில் 'ச', 'ஸ' வரும் போதெல்லாம் காதில் ஊசி குத்தினால், பத்தே நிமிடத்தில் தலை வலிக்கும். இளையராஜா இசையில் 1978-ல் வந்த 'பிரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோ முறையில் பதிவானவை. இடமும் வலமும் பிரிந்து கேட்கிறதா என்று சோதிக்க நல்ல உரைகல். குரல் நடு நெற்றியில் நிற்க வேண்டும். ஒரு பக்கமாக ஒதுங்கினால், இரண்டு பக்கமும் சமமாக இல்லையென்று அர்த்தம். வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

ஒயர் உள்ளதா, இல்லாததா? காசு எண்ணிச் செலவழிப்பவருக்கு ஒயர் உள்ளதே மேல் என்பது என் கட்சி. புளூடூத் குமிழில் இருக்கும் பாட்டரி பட்டாணி அளவு. இரண்டு, மூன்று வருஷத்தில் அது களைத்துப் போனால், மாற்றிப் பயன்படுத்துவது பெரும்பாலும் நடவாத காரியம். ஒயர் அறுந்தால் ஈயம் வைத்துப் பிழைக்கலாம். இப்போதைய கைபேசிகள் பலவற்றில் ஜாக் துளையே கிடையாது. அதற்கு டைப்-சி அடாப்டர் வாங்கிக் கொள்ள வேண்டும்.

சைக்கிள் பம்பும் காது ரப்பரும்

சைக்கிள் பம்பில் வாஷர் தேய்ந்து போனால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது அல்லவா? காதுக்குள் செருகும் இயர்போனும் அப்படித்தான். கனத்த ஓசை என்பது காற்றின் மெதுவான அசைவு. ரப்பருக்கும் காதுத் துளைக்கும் நடுவே சிறு சந்து இருந்தாலும் அது அந்த வழியே நழுவி விடும். மிச்சமிருப்பது ஜால்ரா சத்தம் மட்டும். "பாஸே இல்லை" என்று தூக்கி எறியப்படும் இயர்போன்களில் பாதிக்கு ரப்பர் அளவுதான் காரணம் என்றால் மிகையல்ல.

பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று ஜோடி ரப்பர் இருக்கும். பலர் மாட்டியிருந்ததை மாற்றிப் பார்ப்பதே இல்லை. மூன்றையும் போட்டுப் பாருங்கள். இடது காதும் வலது காதும் ஒரே அளவாக இருக்க வேண்டுமென்று சட்டம் இல்லை. ஒன்றுக்கு நடுத்தரம், மற்றதற்குப் பெரிது என்று போடுகிறவர்கள் உண்டு. பெரிய ஹெட்போன் போடுகிறவர்கள் மூக்குக் கண்ணாடிக்காரர்களாக இருந்தால், கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கி அதே சந்தை உண்டாக்கும். மெல்லிய காம்புக் கண்ணாடியும் மிருதுவான மெத்தையும் அதற்குப் பரிகாரம்.

இதில் பாட்டின் சுகம் மட்டும் அல்ல, காதின் ஆயுளும் அடங்கியிருக்கிறது. ரயில் இரைச்சலையும் பஸ் என்ஜின் சத்தத்தையும் மிஞ்ச வேண்டுமென்று நாம் சத்தத்தைக் கூட்டுகிறோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தமென்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும் போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 83-க்கு 20 மணி. 86-க்கு 10 மணி. 89-க்கு 5 மணி. தினம் நாலு மணி நேரம் ரயிலில் போகிறவர் 89-ல் கேட்டால், செவ்வாய்க்கிழமை காலையிலேயே அந்த வாரக் கணக்கு தீர்ந்து விடும். பகல் முழுதும் ஆலை இரைச்சலில் நிற்கிறவருக்கு நிலைமை இன்னும் மோசம். பொருத்தமான ரப்பர் வெளிச் சத்தத்தைத் தடுப்பதால், குறைந்த சத்தத்திலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். உள்காதிலுள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. வீடு வந்து சேர்ந்த பின் காதில் 'ங்' என்ற ரீங்காரம் கேட்டால், அன்றைக்குச் சத்தம் அதிகம் என்று தெரிந்து கொள்ளுங்கள். தண்டவாளத்தைக் கடக்கையில் மட்டும் இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு விடுங்கள். நன்றாக அடைக்கும் ரப்பர் ரயில் சத்தத்தையும் அடைக்கும்.

பஞ்சும் பிளாஸ்திரியும்

இனி கைவேலை. காதை மூடும் மலிவு ஹெட்போனின் கிண்ணம் வெறும் பிளாஸ்டிக், உள்ளே காலி. காலிக் குடத்துக்குள் பேசினால் எப்படி எதிரொலிக்குமோ அப்படியே குரல் கேட்கும். மெத்தையைக் கழற்றி, திருகாணியை எடுத்து, கிண்ணத்தின் உட்சுவரில் மட்டும் கொஞ்சம் பஞ்சோ மெல்லிய கம்பளித் துணியோ ஒட்டினால் குடத்து ஓசை அடங்கும். தலையணை மாதிரி திணித்து விடக் கூடாது. கொஞ்சம் வைத்து, கேட்டு, போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருப்பது முக்கியம். மெல்லிய தாள் மேல் விரலோ பஞ்சு நூலோ படாமல் பார்த்துக் கொள்ளுங்கள்; அது கசங்கினால் கதை முடிந்தது.

'ஸ' சத்தம் ஊசி போல் குத்துகிறதா? ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவே ஒரு சுற்று டிஷ்யூ காகிதம் வெட்டி வைத்தால் முனை மழுங்கும். அதற்கு நேர்மாறான சிகிச்சையும் உண்டு. ஸ்பாஞ்சு மெத்தை ஸ்பீக்கரின் முகத்தை முழுக்க மூடியிருந்தால் ஓசை மங்கும். மேல்நாட்டு இசைப் பிரியர்கள் அந்த ஸ்பாஞ்சின் நடுவில் 25 சென்ட் நாணய அளவு வட்டமாக வெட்டி எடுத்து விடுவார்கள். நமக்கு ஐந்து ரூபாய் நாணயம் ஏறக்குறைய அதே அளவு. ஜால்ராவும் வயலினும் பளிச்சென்று முன்னால் வரும். வெட்டிய ஸ்பாஞ்சு மறுபடி ஒட்டாது என்பதால், மாற்று ஸ்பாஞ்சு ஒரு ஜோடி வாங்கி வைத்துக் கொண்டு கத்தரிக்கோலை எடுப்பது புத்திசாலித்தனம்.

சிறு இயர்போன்களின் உடம்பில் ஊசித்துளை ஒன்றிரண்டு இருக்கும். அது காற்றுப் போக்கி. மருந்துக் கடையில் புண்ணுக்குக் கட்டுப் போட விற்கும் காகிதப் பிளாஸ்திரியைத் துளியூண்டு வெட்டி அந்தத் துளை மேல் ஒட்டிப் பாருங்கள். பின் துளையை மூடினால் பொதுவாக பாஸ் குறையும். காதுப் பக்கத்துத் துளையை மூடினால் கூடும். பிடிக்காவிட்டால் உரித்து விடலாம், நஷ்டம் ஏதுமில்லை.

குரல் மட்டும் காணவில்லையா?

ஹெட்போன் அதிகம் சாவது ஜாக் அருகில், ஒயர் மடியும் இடத்தில். ஒரு வேடிக்கையான நோய் உண்டு. திடீரென்று பாடகர் குரல் காணாமல் போய், வாத்தியங்கள் மட்டும் தூரத்தில் கேட்கும். பாட்டு கெட்டு விட்டதென்று சிலர் கைபேசியைத் திட்டுவார்கள். உண்மையில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான எர்த் ஒயர் அறுந்திருக்கிறது. அப்போது இரு பக்கத்திலும் ஒன்றாக உள்ள குரல் ஒன்றையொன்று அடித்துக் கொண்டு மறைய, வித்தியாசமாக உள்ளது மட்டுமே மிஞ்சுகிறது.

பழுது பார்க்க 25 வாட் சால்டரிங் அயன், ஈயக் கம்பி, புது ஜாக் ஒன்று போதும். உள்ளே இருக்கும் மயிரிழைக் கம்பிகளுக்குச் சிவப்பு, பச்சை, செம்பு நிறம் தெரியும். அது வெறும் சாயம் அல்ல. மின்சாரம் கடக்காத அரக்குப் பூச்சு. அதைச் சுரண்டியோ, சூடான அயனில் ஈயத்தோடு தேய்த்துப் பொசுக்கியோ எடுக்காமல் ஈயம் வைத்தால் ஒட்டியது போலத் தெரியும், சத்தம் மட்டும் வராது. மூன்று வளைய ஜாக்கில் நுனி இடது, நடு வலது, அடி எர்த். பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை இடது, செம்பு நிறம் எர்த். ஸ்பீக்கர் பக்கம் ஈயம் வைக்க நேர்ந்தால் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு கம்பியையும் மாற்றி விடாதீர்கள். இரு தாள்களும் எதிரெதிராக ஆடி, பாஸ் செத்து, குரல் தலையைச் சுற்றி அலையும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஈயம் வயிற்றுக்கு ஆகாது.

எஸ்.பி. ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமை மாலைக்குள் போய் வருவது உத்தமம். பழைய ஹெட்போனையும் கையோடு கொண்டு போங்கள். மெத்தை கேட்டால் கடைக்காரர் முதலில் கேட்பது குறுக்களவைத்தான்.